இரண்டு பேர் பெயரும் எழுதிய உறை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ போனில் சொன்னதை அம்மா என்னிடம் சொன்னாள். அங்கே தங்குவதற்கான குடியிருப்பு அட்டைக்கு விண்ணப்பம் போட இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறதாம். நீயும் அவரும் நீடித்த உறவில் இருப்பதற்குச் சான்று கேட்கிறார்களாம். கல்யாணச் சான்றிதழ் இல்லாதபோது எதைக் காட்டுவது என்று நீ குழம்பிப் போயிருக்கிறாய், அப்பாவிடம் கேட்கச் சங்கடமாக இருக்கிறது என்றும் சொன்னாயாம். சங்கடப்பட வேண்டியவன் நான். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் வேலையைப் பார்ப்போம்.

சட்டத்தை அண்ணன் அச்சடித்துக் கொடுத்தான். இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். 2004/38 எண்ணுள்ள ஐரோப்பிய ஒன்றிய உத்தரவு அது. ஒன்றியத்தின் ஒரு நாட்டுக் குடிமகன் இன்னொரு உறுப்பு நாட்டில் போய் வாழும்போது கூட இருக்கிறவர்களுக்கு என்ன உரிமை என்பதைச் சொல்கிறது. உங்கள் நிலைமை அதுதானே. அவர் ஒரு நாட்டுக்காரர், நீங்கள் இருப்பது இன்னொரு நாடு, நீ ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து போனவள். கணவன் மனைவி என்றால் அந்த உரிமை நேராக வந்துவிடும். உன்னைப் போன்றவர்களுக்கு 3-ஆம் பிரிவின் 2-ஆம் உட்பிரிவு. முறையாகச் சான்று காட்டப்பட்ட நீடித்த உறவில் உள்ள இணையரின் நுழைவையும் குடியிருப்பையும் அந்த நாடு எளிதாக்கித் தர வேண்டும் என்கிறது.

எளிதாக்குவது என்றால் கேட்டவுடன் கொடுப்பது என்று அர்த்தமில்லை. 2012-ல் ரஹ்மான் வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. ஆனால் அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது: விண்ணப்பித்தவரின் சொந்த நிலைமையை ஆழமாக ஆராய வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். 2018-ல் பேங்கர் வழக்கு வந்தது. தென்னாப்பிரிக்கப் பெண், பிரிட்டிஷ் குடிமகன், கல்யாணம் ஆகாதவர்கள். நெதர்லாந்தில் சேர்ந்து வாழ்ந்துவிட்டு, அப்போது ஒன்றியத்தில் இருந்த பிரிட்டனுக்குத் திரும்பியபோது அந்தப் பெண்ணுக்கு அட்டை மறுக்கப்பட்டது. அங்கும் நீதிமன்றம் ஆராயாமல் மறுக்கக் கூடாது, மறுத்தால் முறையிட வழி இருக்க வேண்டும் என்றது. அதனால் உன் கோப்பை யாராவது ஒருவர் கட்டாயம் திறந்து படிக்க வேண்டும். அவர் படிக்கும்படி அதை அடுக்குவதுதான் நம் வேலை.

எத்தனை வருஷம் சேர்ந்திருந்தால் நீடித்த உறவு என்று உத்தரவில் எங்கேயும் இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன். நாடுகள் தாங்களாக ஒரு கால அளவு வைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படி வைத்தாலும் மற்ற விஷயங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று ஐரோப்பிய ஆணையம் 2009-ல் தந்த வழிகாட்டியில் இருக்கிறது. சேர்ந்து வாங்கிய வீட்டுக் கடனை அதில் உதாரணமாகச் சொல்கிறார்கள். உங்களுக்கு வீட்டுக் கடன் இல்லை, சரி. ஆனால் அவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்று அந்த உதாரணத்திலிருந்து புரிகிறது. பிரிந்தால் இரண்டு பேருக்கும் நஷ்டம் வரும்படி எதையாவது சேர்த்துக் கட்டியிருக்கிறார்களா என்று பார்க்கிறார்கள்.

நான் 31 வருஷம் பதிவு அலுவலகத்தில் காகிதம் பார்த்தவன். மேசைக்கு எதிரே நிற்கிறவரின் வாழ்க்கை எனக்குத் தெரியாது, கையில் வரும் காகிதம்தான் தெரியும். ஒருமுறை ஒருவர் பத்து வருஷத்து வாடகை ரசீது என்று ஒரு கட்டைக் கொண்டுவந்தார். எல்லாம் ஒரே மை, ஒரே பேனா, தாள்கூட ஒரே வெள்ளை. அதே வாரம் ஒரு வயதான அம்மா வந்தார். அவரிடம் இருந்தது கம்பியில் குத்திவைத்த ரசீதுகள். ஒவ்வொன்றிலும் அதே இடத்தில் துரு ஏறிய ஓட்டை, அடியில் இருந்தவை பழுப்பாகி ஓரம் உதிர்ந்திருந்தன, நடுவில் இரண்டு வருஷத்து ரசீதுகள் இல்லவே இல்லை. எதை நம்பினேன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த அம்மா யாருக்கும் நிரூபிக்க அவற்றைச் சேர்க்கவில்லை. மாதா மாதம் கம்பியில் குத்தினார், அவ்வளவுதான்.

உன்னிடமும் அப்படிப்பட்ட கம்பி ஒன்று இருக்கும். அதைத் தேடு. விண்ணப்பம் என்ற நினைப்பே இல்லாத நாட்களில் உண்டான காகிதங்கள்தான் உனக்குப் பலம். இந்த மாதம் அவசரமாகத் திறந்த ஜாயின்ட் அக்கவுண்ட் உனக்குப் பெரிதாக உதவாது. 2021-லிருந்து நீ மாதா மாதம் வாடகையில் பாதியை அவர் கணக்குக்கு அனுப்பி வந்தாயே, அந்த பேங்க் ஸ்டேட்மென்ட் உதவும். வீட்டு ஒப்பந்தத்தில் முதலில் அவர் பெயர் மட்டும்தான் இருந்தது, பிறகுதான் உன் பெயரைச் சேர்த்தார்கள் என்றாய். இரண்டு ஒப்பந்தத்தையும் வை, முதல் ஒப்பந்தத்தை மறைக்காதே. இரண்டுக்கும் நடுவில் உன் பெயருக்கு அதே முகவரிக்கு வந்த கடிதங்கள் போதும், நீ அங்கே இருந்தாய் என்று காட்ட. இன்ஷூரன்ஸ், போன் பில், வேலை செய்யும் இடத்தில் அவசரத்துக்குத் தொடர்புகொள்ள எழுதிக் கொடுத்த பெயர், ஒரே பதிவில் இரண்டு பேருக்கும் எடுத்த டிக்கெட், எல்லாவற்றையும் எடு. போட்டோ கொஞ்சம் போதும். வருஷத்துக்கு நான்கைந்து, பின்னால் தேதி, இடம், கூட இருப்பவர்கள் யார் என்று எழுதி வை. நூறு போட்டோ போட்டால் பார்க்கிறவருக்கு அலுப்புதான் வரும். காதல் செய்திகளையும் மூட்டையாக அள்ளிப் போடாதே. அவை உங்கள் இரண்டு பேருக்கு மட்டும் உரியவை. "வரும்போது பல்பு வாங்கி வா", "வீட்டு ஓனர் குழாயைப் பார்க்க நாளைக்கு வருகிறார்" என்று நீங்கள் போட்டுக்கொண்ட சாதாரணச் செய்திகள் இருக்குமே, வருஷத்துக்குச் சிலவற்றை எடுத்து வை. ஒரே வீட்டில் இருக்கிறவர்கள்தான் அப்படிப் பேசுவார்கள்.

இனி நான் சொல்ல வேண்டியது.

குடும்பத்துக்குத் தெரியுமா, நண்பர்கள் உங்களை ஜோடியாகப் பார்க்கிறார்களா என்பதும் ஒரு கேள்வியாக வரும். அங்கே உன் கோப்பில் ஓட்டை விழுந்திருக்கிறது. அந்த ஓட்டையைப் போட்டவன் நான். 2021 ஜூலையில் சேர்ந்து வாழ்கிறோம் என்று நீ சொன்னபோது, யாரிடமும் சொல்லாதே என்றேன். வீடியோ அழைப்பில் அவர் நாற்காலியை விட்டு எழுந்து ஓரமாகப் போவதைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்தேன். எத்தனை பார்சல் அனுப்பினோம்! எல்லாவற்றிலும் உன் பெயர் மட்டும். நீங்கள் இரண்டு பேரும் இங்கே வந்த அந்தப் பத்து நாளில் எடுத்த குடும்பப் படம் ஒன்றில்கூட அவர் இல்லை. படம் எடுத்ததே அவர்தான், கேமராவை அவர் கையில் கொடுத்தவன் நான்தான். அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்தேன். பார்த்துவிட்டும் பேசாமல் இருந்தேன். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், பாப்பா. அவரிடமும் தனியாகக் கேட்பேன்.

ஆனால் என்னிடம் ஒன்று இருக்கிறது. உனக்கு அது தெரியாது. 2022 நவம்பரில் உனக்கு ஆபரேஷன் நடந்தபோது, விடியற்காலை மூன்று மணிக்கு எனக்குப் போன் செய்தவர் அவர். அன்றிலிருந்து ஒன்பது நாள், காலையும் இரவும், எனக்கு வாட்ஸ்அப்பில் எழுதினார். அவருக்குத் தெரிந்த கொஞ்சம் தமிழை ஆங்கில எழுத்தில் போட்டு எழுதினார். உன் காய்ச்சல் எத்தனை டிகிரி, டாக்டர் என்ன சொன்னார், நீ எத்தனை மணிக்குத் தூங்கினாய். "அப்பா" என்று ஆரம்பித்தார் முதல் நாளே. நான் பாதிக்குப் பதில்கூடப் போடவில்லை. அழிக்கவும் இல்லை. பதினெட்டுச் செய்திகளும் தேதியும் நேரமுமாக இருக்கின்றன. அண்ணன் அவற்றை முழு உரையாடலாகவே எடுத்துத் தருகிறான், ஸ்கிரீன்ஷாட்டும் சேர்த்து. ஆஸ்பத்திரியில் உன் நெருங்கியவர் என்று யார் பெயரை எழுதினார்கள், ஒப்புதல் படிவத்தில் யார் கையெழுத்து என்று கேட்டு நகல் வாங்கு. கோப்பில் அதை முதல் ஐந்து பக்கத்துக்குள் வை.

2023-ல் வேலைக்காக ஐந்து மாதம் வேறு ஊரில் தனியாக இருந்தாயே, அதை மறைக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டாயாம். கூடாது. கேட்கிறவர் அதைத் தானாகக் கண்டுபிடித்தால் மற்ற எல்லாக் காகிதமும் கெட்டுவிடும். நீயே ஒரு பத்தி எழுதிவிடு: இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை, இந்த வேலை, வார இறுதிகளில் இப்படிச் சந்தித்தோம் என்று. வெள்ளிக்கிழமை ரயில் டிக்கெட்டுகள் உன் மெயிலில் இருக்கும். எழுதும்போது நீயும் அவரும் தனித்தனியாக உட்கார்ந்து உங்கள் கதையைத் தேதி வாரியாக எழுதிப் பாருங்கள், பிறகு ஒப்பிடுங்கள். சந்தேகம் வந்தால் இரண்டு பேரையும் தனித்தனியாகக் கேட்பதும் உண்டு. மனப்பாடம் செய்யாதீர்கள். மறந்தது மறந்ததாகவே இருக்கட்டும். தேதி மட்டும் படிவத்திலும் காகிதத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

உன் விண்ணப்பத்தோடு வைக்க நானும் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். கையெழுத்து, அடையாள அட்டை நகல் எல்லாம் உண்டு. அதில், உங்கள் உறவு 2021 ஜூலையிலிருந்து எனக்குத் தெரியும் என்றும், நான் அதை ஒன்றரை வருஷம் ஏற்கவில்லை என்றும், குடும்பப் படங்களில் அவர் இல்லாததற்கு நானே காரணம் என்றும், ஆபரேஷன் நாட்களில் அவர் எனக்கு எழுதியதையும் உள்ளபடி சொல்லியிருக்கிறேன். அண்ணன் படித்துவிட்டு, இதை ஏன் எழுத வேண்டும், நல்ல விதமாக மட்டும் எழுதலாமே என்றான். நான் மாற்றவில்லை. சாட்சி சொல்ல வந்தவன் பார்த்ததைச் சொல்ல வேண்டும்.

கல்யாணம் செய்துகொண்டால் இத்தனை சிரமம் இல்லையே என்று போன வருஷம் கேட்டேன். ஒரு அட்டைக்காகக் கல்யாணம் செய்துகொள்ள மாட்டேன் என்றாய். இனி கேட்க மாட்டேன். நீங்கள் முடிவு செய்கிற நாளில் சொல்லுங்கள், வருகிறோம்.

அப்புறம் சில்லறை விஷயங்கள். கல்யாணம் ஆகவில்லை என்ற சான்று கேட்டால், உன் காகிதத்துக்கு அப்போஸ்டிலும் (இது உண்மையான அரசுக் காகிதம்தான் என்று வெளிநாட்டுக்காகப் போட்டுத் தரும் சான்று) மொழிபெயர்ப்பும் தேவைப்படலாம், அதற்கு நாள் பிடிக்கும், இன்றே சொல், இங்கே நான் அலைகிறேன். அவருடைய காகிதம் ஒன்றிய நாட்டுக் காகிதம் என்பதால் அப்போஸ்டில் தேவையில்லை. 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ள 2016/1191 என்ற விதி அப்படிச் சொல்கிறது. விண்ணப்பம் கொடுத்த அன்றே ரசீதுச் சான்று கேட்டு வாங்கு, அது உன் உரிமை. அட்டை வரும் வரைக்கும் கையில் அது இருக்க வேண்டும். உத்தரவுப்படி ஆறு மாதத்துக்குள் அட்டை தர வேண்டும், வழக்கமாக ஐந்து வருஷத்துக்குச் செல்லும். மறுத்தால் எழுத்தில் காரணத்தோடு வரும், எங்கே எத்தனை நாளுக்குள் முறையிடலாம் என்றும் அதில் இருக்கும். அப்படி வந்தால் அழுதுகொண்டு உட்காராதே, அந்தக் கடிதத்தைப் படம் எடுத்து அன்றைக்கே ஒரு வக்கீலிடம் காட்டு. அசல் எதையும் கோப்போடு விட்டுவிட்டு வராதே. காட்டிவிட்டுத் திரும்ப வாங்கு.

அவர் பெயரை பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துப்படி எனக்கு அனுப்பு, என் கடிதத்தில் ஒரு எழுத்து தவறினாலும் திரும்ப அச்சடிக்க வேண்டும். நடுப்பெயர் இருக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை பார்.

இந்தக் கடிதத்தின் உறையில் இரண்டு பேர் பெயரையும் எழுதியிருக்கிறேன். அவர் பெயரை முதலில் ஒரு தாளில் எழுதிப் பழகிவிட்டுத்தான் எழுதினேன். இதைக் கோப்பில் வைக்காதே, இப்போது எழுதியது அங்கே எடுபடாது. வீட்டில் வைத்துக்கொள். அவரிடம் காட்டு.

அன்புடன்,
அப்பா