மழைச் சத்தத்தில் என் மகன் மறுபடி தூங்குகிறான்: ஒரு நன்றி மடல்

திருநெல்வேலி மீனாட்சிபுரத்தில் எங்கள் தெருக்காரர்களுக்கும், பள்ளியிலும் ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியிலும் என் பிள்ளைகளுக்குத் துணை நின்றவர்களுக்கும் வணக்கம்.

2023 டிசம்பர் 17, 18 மழையை நம் பக்கத்தில் யாருக்கும் நினைவுபடுத்த வேண்டாம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி எங்கள் வீட்டுத் தார்சாவுக்குள், அதாவது முன்கூடத்துக்குள், வந்தது. ஏழு வயதுச் சின்னவனைத் தோளில் தூக்கிக்கொண்டு, இருட்டில் இடுப்பளவுத் தண்ணீரில் மாடி வீட்டுக்குப் போனோம்.

தண்ணீர் வடிந்த பிறகுதான் எங்களுக்குக் கஷ்டம் ஆரம்பித்தது. எப்போதோ நின்றுபோயிருந்த பழக்கம் திரும்பி, சின்னவன் ராத்திரி பாயை நனைத்தான். வாளியில் குழாய்த் தண்ணீர் விழுந்தாலே காதைப் பொத்திக்கொள்வான். பதினாலு வயது மூத்தவள் யாரிடமும் பேசவில்லை. பேசினால் எரிந்து விழுந்தாள். “ஆம்பளப் பிள்ளை இதுக்கா அழுவான்?” என்றார் ஒரு சொந்தக்காரர். நானும் ஒருநாள் பாயைப் பார்த்துச் சத்தம் போட்டுவிட்டேன். அது இன்னும் மனதில் உறுத்துகிறது.

மாடி வீட்டு ஆச்சி, 1992 வெள்ளத்தையும் பார்த்தவர் நீங்கள். அவனிடம் “பயப்படாதே” என்று நீங்கள் ஒருநாளும் சொல்லவில்லை. “பயமாத்தான் இருக்கும் ராசா, எனக்கும் இருந்துச்சு” என்றீர்கள். தினமும் விளக்கு வைத்ததும் திருநீறு, அப்புறம் கதை, அப்புறம் தூக்கம். அந்த வரிசை ஒருநாளும் மாறவில்லை. நாளைக்கும் இப்படித்தான் இருக்கும் என்று அவனுக்குத் தெரிந்ததே பெரிய மருந்து என்று டாக்டர் பிறகு சொன்னார்.

டீச்சர், அவன் தீப்பெட்டிகளைத் தண்ணீரில் முக்கி முக்கி விளையாடியதைக் கண்டு பதறி நான் பிடுங்கப் போனேன். “விடுங்கம்மா, வாயால சொல்ல முடியாததைக் கையால சொல்றான். ஒரு பெட்டியாவது கரை சேருதான்னு மட்டும் பாருங்க” என்றீர்கள். பல நாள் எல்லாமே முங்கின. ஒருநாள் ஒரு பெட்டியை வாசற்படியில் ஏற்றி வைத்தான். அன்றைக்கு நான் அழுதேன்.

ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு, அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குப் போன் செய்தேன். பேசிய தங்கச்சி, நான் உன் பெயரைக்கூடக் கேட்கவில்லை. என்னைத்தான் முதலில் நிதானப்படுத்தினாய்.

டாக்டர் அம்மா, பெரும்பாலான பிள்ளைகள் சில வாரங்களில் தேறிவிடுவார்கள், ஒரு மாதம் தாண்டியும் தூக்கமும் படிப்பும் கெட்டால் விடக்கூடாது என்று விளக்கினீர்கள். வெள்ள வீடியோக்களை நிறுத்தச் சொன்னீர்கள். சின்னப் பிள்ளைக்கு அது மறுபடி மறுபடி நடப்பதுபோல இருக்குமாம். சூடான பாலை ஊதி ஆற்றுவதுபோல மெதுவாக மூச்சு விடப் பழக்கினீர்கள். முக்கியமாக, “இனி வெள்ளமே வராது என்று பொய் சொல்லாதீர்கள், வந்தால் என்ன செய்வோம் என்று சொல்லுங்கள்” என்றீர்கள்.

முகாமில் சாப்பாடு கொடுத்த தம்பிகளே, மூத்தவளுக்குப் புத்திமதி எதுவும் சொல்லாமல் நோட்டைக் கையில் கொடுத்து, கைக்குழந்தை இருக்கும் வீடுகளைக் குறிக்கச் சொன்னீர்கள். எத்தனை பால் பாக்கெட் வேண்டும் என்று கேட்டுக்கேட்டே அவளுக்குப் பேச்சு திரும்பியது.

எல்லோரும் ஒருநாள் வீட்டுக்கு வர வேண்டும். சொதியும் இஞ்சிப் பச்சடியும் வைக்கிறேன்.

போன வாரம் ராத்திரி நல்ல மழை. சின்னவன் எழுந்து, “டார்ச் எங்கம்மா?” என்றான். எடுத்துக் கொடுத்தேன். ஒருதடவை எரியவிட்டுப் பார்த்து, தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டான்.

நன்றியுடன்,
இரண்டு பிள்ளைகளின் அம்மா