சனிக்கிழமை படம்: ‘போல்ட்’

ஈசூன் குடும்பங்களுக்கு வணக்கம். இந்தச் சனிக்கிழமை மாலை 5 மணிக்கு எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குப் படம். டிஸ்னியின் ‘போல்ட்’, 2008இல் வந்த அனிமேஷன், 96 நிமிடம்.

நாய்தான் நாயகன். தொலைக்காட்சித் தொடரில் ஒரே குரைப்பில் எதிரிகளைத் தூக்கி வீசும். அதெல்லாம் நடிப்பு என்று அதற்கே தெரியாது. தவறுதலாகப் பெட்டியோடு நியூயார்க் போய்விடுகிறது. அங்கே சக்தி பலிக்கவில்லையா, பழி பெட்டியில் இருந்த நுரைத் துண்டுகள்மேல்! பெரியவர்களும் சிரிப்பீர்கள். என் ஓட்டு மட்டும் பிளாஸ்டிக் உருண்டைக்குள் திரியும் ஹாம்ஸ்டர் ரைனோவுக்கு.

தெருப்பூனை ஒன்றும் வரும். அப்புறம் “பூனை வேணும்” என்ற நச்சரிப்புக்குத் தயாராக இருங்கள். 2024 செப்டம்பரிலிருந்து சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம், ‘அனுமதி இல்லை’ என்ற பழைய சாக்கு செல்லாது.

தொடக்கத்தில் துரத்தலும் வெடிச் சத்தமும் அதிகம்; சின்னதுகளை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். முறுக்கும் மைலோவும் என் பொறுப்பு. கடலை சேர்ந்த எதுவும் வேண்டாம், ஒரு பிள்ளைக்கு ஒவ்வாமை. எத்தனை பேர் வருகிறீர்கள் என்று வியாழனுக்குள் இங்கே போடுங்கள். பாய் இருந்தால் ஒன்று கொண்டு வாருங்கள், சரியா?