தென் அமெரிக்க மீன் தொட்டித் தொகுப்பு குறித்த புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: சேர்ந்து வாழ முடியாத மீன்களை ஒரே தொட்டிக்கென்று விற்றது, பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்களுடைய மூன்றடித் தென் அமெரிக்க மீன் தொட்டித் தொகுப்பை ரூ.18,500 கொடுத்து வாங்கியவன் நான். 7 முறை தொலைபேசியில் அழைத்தும், 4 மின்னஞ்சல்கள் அனுப்பியும், ஒயிட்ஃபீல்டிலுள்ள தங்கள் கடை வரை நேரில் வந்தும் எவரும் பொறுப்பேற்காததால் இக்கடிதத்தை எழுதுகிறேன். அந்தத் தொகுப்பில் சின்ன நியான் டெட்ராக்கள் 12, பெரிதாக வளரும் ஆஸ்கர்கள் 2, டைகர் பார்ப்கள் 6, ஏஞ்சல் மீன் ஆகியவை வந்தன.

பணம் கட்டுவதற்கு முன்பே, நியான் டெட்ராக்களோடு ஆஸ்கர் இருக்கலாமா என்று தங்கள் ஆலோசகரிடம் கேட்டேன். இரண்டுமே அமேசான் மீன்கள்தான், குஞ்சிலிருந்தே பழகிவிடும் என்றார். அமேசானிலும் ஆஸ்கர் சின்ன மீனைத் தின்றுதான் வளர்கிறது என்பதை அவர் சொல்லவில்லை. இரண்டு அங்குலக் குஞ்சுகளாக வந்த ஆஸ்கர்கள் இரண்டே மாதத்தில் இருமடங்காயின. இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் காலையில் எண்ணும்போதெல்லாம் நியான் குறைந்தது. 12 நியான்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஓரடி வளரக்கூடிய ஆஸ்கருக்கு 160 லிட்டர் பிடிக்கும் இந்தத் தொட்டியே போதாது என்பது மீன் விற்பவர்களுக்குத் தெரியாதா?

ஒயிட்ஃபீல்டு பயணத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "மீனை நேரில் கொண்டு வந்தால்தான் பார்ப்போம்" என்று தங்கள் ஆட்கள் சொன்னதை நம்பி, அரை நாள் விடுப்பெடுத்து, துடுப்பு கிழிந்த ஏஞ்சல் மீனைத் தண்ணீர்ப் பையோடு மடியில் வைத்துக்கொண்டு அல்சூரிலிருந்து ஆட்டோவில் வந்தேன். டின் ஃபேக்டரி சந்திப்பு நெரிசலில் பை சூடேறாமலிருக்க என் கைக்குட்டையை நனைத்துச் சுற்றினேன். அங்கே முகப்பில் இருந்தவர் பையை வாங்கிக்கூடப் பார்க்காமல், "இவ்ளோ கஷ்டமா இருந்தா குழம்பு வெச்சுடுங்க சார்" என்றார். பக்கத்திலிருந்த இருவர் சிரித்தார்கள். அந்த ஏஞ்சல் திரும்பும் வழியிலேயே இறந்தது. என் மகள் அன்றிரவு சாப்பிடவில்லை. ஐயா, எனக்கும் தமிழ் தெரியும், பதிலுக்குப் பேசவும் தெரியும். மரியாதை கருதி வந்துவிட்டேன்.

ஏஞ்சலின் துடுப்பைக் கிழித்தவை ஆஸ்கர்கள் அல்ல என்பதையும் குறிப்பிட வேண்டும். தாங்கள் அனுப்பிய 6 டைகர் பார்ப்கள்தான் அதைச் செய்தன. ஆசியாவின் சுமத்ரா, போர்னியோ பக்கத்து மீனுக்குத் தென் அமெரிக்கத் தொகுப்பில் என்ன வேலை? நீண்ட துடுப்புள்ள மீனைக் கண்டால் அது கடிக்கும் என்பதை மீன் வளர்க்கும் எவரும் சொல்வார்கள். அந்த இடத்தில் 6 கோரிடோரஸ் மீன்களை வைத்திருந்தால் அவை பாட்டுக்கு அடிமணலைக் கிளறிக்கொண்டு இருந்திருக்கும். நியானுக்குப் பதில் சற்றுப் பெரிய கார்டினல் டெட்ராக்களை வைத்து, ஆஸ்கரை அறவே தவிர்த்திருந்தால் என் தொட்டி இன்று நிறைந்திருக்கும். இதையெல்லாம் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பணம் வாங்கிய தாங்கள் முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

மீன்கள் போனதற்கு என் வீட்டுப் போர்வெல் தண்ணீரின் உப்பைக் காரணம் காட்டி ஒரு மின்னஞ்சல் வந்தது. நான் ஊற்றியது காவிரித் தண்ணீர். குளோரின் நீக்கும் மருந்தும் தங்களிடம் வாங்கியதே. உப்புத் தண்ணீரா நியானை விழுங்கியது?

ஆகவே தொகுப்பின் முழு விலையோடு, வீணான விடுப்பு, ஆட்டோ செலவு, என் குடும்பத்தின் மன உளைச்சல் ஆகியவற்றுக்காக ரூ.50,000 சேர்த்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் நிறுவனத்தின் மீது இன்னமும் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிட்டுவிட்டு, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆணையத்துக்குச் செல்வேன். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே கட்டணமும் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை.

ஆஸ்கர்கள் இரண்டும் இப்போது தொட்டியில் தனியாக இருக்கின்றன. அவற்றின் மேல் எனக்குக் கோபமில்லை. அவற்றை எடுத்துச் செல்லத் தக்க ஆளை அனுப்புங்கள். குழம்பு வைக்கச் சொன்னவரை மட்டும் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
அல்சூர், பெங்களூரு.