மல்லுக்கட்டுகிறேன், அம்மா

டோக்கியோ

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? போன வாரம் தொலைபேசியில், "அந்த ஜப்பானிய மொழியோடு இன்னும் எத்தனை நாள்தான் மல்லுக்கட்டுவாய்? போதும், வந்துவிடு" என்றாய். அப்போது எனக்குப் பேச்சு வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இந்த முதியோர் இல்லத்தில் நான் பார்த்துக்கொள்ளும் ஒரு பெரியவருக்கு 86 வயது. இங்கே ஆண்டுக்கு 6 முறை, ஒவ்வொரு முறையும் 15 நாட்கள் சுமோ போட்டி நடக்கும். அந்த நாட்களில் மாலை 4 மணிக்கெல்லாம் அவரைத் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார வைத்துவிட வேண்டும். இரண்டு பருத்த மனிதர்கள் முட்டிக்கொள்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். அவர்கள் மோதும் வட்டத்தின் குறுக்களவு 4.55 மீட்டர். உள்ளங்காலைத் தவிர உடம்பில் எது மண்ணில் பட்டாலும் தோல்வி; வட்டத்துக்கு வெளியே கால் பட்டாலும் தோல்வி. தொடங்கச் சொல்லி யாரும் விசில் ஊதுவதில்லை. இருவரும் குனிந்து, கண்ணோடு கண் பார்த்து, இருவர் மூச்சும் ஒத்துவரும் கணத்தில் கைகளை மண்ணில் ஊன்றிப் பாய வேண்டும். ஒத்துவராவிட்டால் எழுந்து மறுபடியும் முதலிலிருந்து. அந்தக் கணத்தில் பெரியவரின் விரல்கள் சக்கர நாற்காலியின் கைப்பிடியை இறுக்கும், நகங்கள் வெளுத்துவிடும்.

அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதும் ஒரு பிடிதான், அம்மா. இடுப்பில் கட்டிய பட்டையை இரு கையாலும் பற்றிக்கொள்வேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொள்வார். முதுகால் தூக்கினால் என் இடுப்பு போய்விடும். முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, அவர் எடையை என்மேல் சாய்த்துத் திருப்ப வேண்டும். சுமோ வீரர்களும் அப்படித்தான் பட்டையைப் பற்றிக்கொண்டு இடுப்பைத் தாழ்த்தி நிற்கிறார்கள். "இன்றைக்கு நல்ல பிடி" என்று அவர் ஒருநாள் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரு சுமோ ஆட்டத்துக்கு இங்கே 'தொரிகுமி' என்று பெயர். ஒரு வேலையில் மனம் ஒன்றி முழுமூச்சாக இறங்குவதற்கும் அதே சொல்தான். நம் 'மல்லுக்கட்டு' என்ற சொல்லும் மல்லர்களிடமிருந்து வந்ததுதான். ஆனால் அதில் சலிப்பு ஏறிவிட்டது. பிள்ளையோடு மல்லுக்கட்டினேன் என்றால் அலுப்பு; அவனோடு மல்லுக்கு நின்றேன் என்றால் வீண் சண்டை. நான் மொழியோடு மல்லுக்கட்டுவதை அந்தப் பொருளில் எடுத்துக்கொள்ளாதே.

எதிராளியே இல்லாமல் தனியாகத் திணறுவதை இங்கே 'தனியாள் சுமோ' என்பார்கள். முதல் வருடம் என் நிலை அதுதான். யாரிடமும் கேட்காமல், அறையில் தனியே 'கான்ஜி' என்ற ஜப்பானிய எழுத்துகளை எழுதி எழுதி அழித்தேன். ஆனால் ஒமிஷிமா தீவிலுள்ள ஒரு கோயிலில் உண்மையாகவே அப்படி ஒரு சடங்கு நடக்கிறதாம். கண்ணுக்குத் தெரியாத நெல் தெய்வத்தோடு ஒரு வீரர் 3 ஆட்டம் ஆடுவார். தெய்வம் 2 முறை வெல்லும், அதனால் விளைச்சல் பெருகும் என்பது நம்பிக்கை. பெரியவர் சொன்னபோது சிலிர்த்தது.

ஹகுஹோ என்ற மங்கோலிய சுமோ வீரர் 2000ஆம் ஆண்டு 15 வயதில் இங்கே வந்தபோது எடை 62 கிலோதானாம். எந்தப் பயிற்சிக்கூடமும் சேர்த்துக்கொள்ளத் தயங்கியது. கடைசியில் ஓர் இடம் கிடைத்தது. பின்னாளில் 45 முறை பட்டம் வென்றார். நான் பட்டம் எதுவும் கேட்கவில்லை, அம்மா. ஜனவரியில் வரும் பராமரிப்பாளர் தேசியத் தேர்வில் தேறினால் போதும்.

அந்தத் தேர்வும் ஜனவரிப் போட்டியின் 15ஆம் நாளும் இந்த முறை ஒரே ஞாயிற்றுக்கிழமை. "நான் பார்த்துச் சொல்கிறேன், நீ எழுதிவிட்டு வந்து சொல்" என்று பெரியவர் கூறிவிட்டார். அன்று இரவு முதலில் அவரிடம் போவேன். பிறகு உன்னைக் கூப்பிடுகிறேன், விழித்திரு.

உன் அன்பு மகள்