நாலு பொடியள் தூக்கினால் முடிந்ததா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் பத்திரிகையில் ஞாயிற்றுக்கிழமைகளில் வரும் கல்யாண மண்டப விளம்பரங்களை இரண்டு மாதமாக வெட்டி வைத்துக்கொண்டு திரிகிறேன். தங்கைக்கு ஆவணியில் கல்யாணம். ஆடியில் யாரும் செய்வதில்லை என்பதால் ஆவணியில் மண்டபத்துக்கு அடிபிடி, உங்களுக்குத் தெரியும்தானே. ஏசி, ஜெனரேட்டர், ஐந்நூறு கதிரை, வாகனத் தரிப்பிடம், மணமகள் அறை என்று எல்லாம் போட்டிருக்கிறார்கள். வீல்செயாரில் வருகிறவர் உள்ளே போகலாமா என்பது மட்டும் ஒன்றிலும் இல்லை. வேறு ஊரென்றால் சரி, மறந்துவிட்டார்கள் என்று விடலாம். வன்னியில் ஒரு கல்யாணத்துக்கு முந்நூறு பேர் வந்தால் அதில் ஊன்றுகோலும் செயற்கைக் காலுமாக எத்தனை பேர் வருவார்கள் என்று மண்டபக்காரருக்குத் தெரியாதா?

எங்களுக்கு அப்பா இல்லை. தாரை வார்த்துக் கொடுக்கப் போவது சித்தப்பாவும் சித்தியும். சித்தப்பா 2009 இல் இரண்டு காலையும் இழந்தவர். தருமபுரத்தில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறார், கடைக்குள் அவர் சுழன்று திரிவதைப் பார்த்தால் வீல்செயார் கண்ணில் படாது. அதனாலோ என்னவோ, முதல் சுற்றில் நாங்களே இதை யோசிக்கவில்லை. அம்மா, மாமா, நான் மூன்று பேருமாகப் பரந்தனிலிருந்து வவுனியா வரை ஏ9 வீதியில் ஏறி இறங்கினோம். ஓமப்புகை போக வழியிருக்கிறதா, எங்கள் சமையல்காரரை விடுவார்களா, கரண்ட் நின்றால் ஜெனரேட்டருக்குத் தனிக்காசா, இதெல்லாம் நன்றாகக் கேட்டோம். கிளிநொச்சியில் ஒன்று பிடித்துப்போய் முற்பணம் கட்டும் நேரத்தில்தான் அம்மா கேட்டா, "சின்னவரை எப்படி மேடையில ஏத்திறது?" முகாமையாளர் தம்பி யோசிக்கவேயில்லை. "நாலு பொடியள் தூக்கினா முடிஞ்சுது, அன்ரி."

அதைச் சித்தப்பாவிடம் வந்து சொன்னேன். "திருவிழாவில சாமி தூக்கிற மாதிரியோ?" என்று சிரித்தார். பிறகு ஒன்றும் பேசாமல் கையிலிருந்த சில்லின் கம்பிகளை ஒவ்வொன்றாக முறுக்கிக்கொண்டிருந்தார். அன்றைக்கு முற்பணம் கட்டவில்லை.

இரண்டாம் சுற்றுக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போனோம். அளவு நாடாவோடு வந்தார். மண்டபம் பார்ப்பது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் படித்தேன். ஒரு இடத்தில் வாசலில் சாய்தளம் இருக்கிறது என்று பெருமையாகக் காட்டினார்கள். அது சவுண்ட் பெட்டி ஏற்றுவதற்காகப் போட்டது, கூரை மாதிரிச் சரிவு. ஒரு அடி உயரம் ஏற பன்னிரண்டு அடி நீளமாவது வேண்டும், அப்போதுதான் ஒருவர் தன் கையால் உருட்டி ஏறலாம் என்றார் சித்தப்பா. அங்கே மூன்று படி, ஒன்றரை அடி உயரம். பதினெட்டு அடி போட வேண்டிய இடத்தில் ஐந்தடி போட்டிருந்தார்கள். இன்னொரு மண்டபம் தரையோடு தரையாக அருமையாக இருந்தது, ஆனால் பந்தி மாடியில், லிப்ட் இல்லை. "சாப்பாட்டைக் கீழே கொண்டுவந்து குடுப்பம்" என்றார்கள். சொந்தப் பெறாமகளின் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரோடு பந்தியில் இருக்காமல் கீழே தனியாக ஒரு தட்டோடு இருப்பதா? கழிப்பறைகளைப் பற்றிக் கேட்காதீர்கள். கதவுகள் இருபத்துநாலு அங்குலம். சித்தப்பாவின் வீல்செயார் இருபத்தாறு.

இதற்கெல்லாம் சட்டம் இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, பொதுக் கட்டடங்களுக்குள் அவர்கள் போய்வர வசதி செய்ய வேண்டும் என்று 2006 இல் ஒழுங்குவிதிகளும் வந்தன. நாங்கள் பார்த்தவற்றில் பெரும்பாலானவை அதற்கு எவ்வளவோ பிறகு கட்டப்பட்டவை, பெயின்ற் மணம்கூடப் போகவில்லை. கட்டட வரைபடத்துக்கு அனுமதி கொடுக்கும்போது வாசலையும் கழிப்பறைக் கதவையும் ஒருதரம் பார்த்தால் என்ன? கட்டி முடிந்த பிறகு உடைப்பதைவிட வரைபடத்தில் ஒரு கோட்டை மாற்றுவது மலிவு. அப்புறம், நீங்களும் மண்டப விளம்பரம் எடுக்கும்போது "சாய்தளம் உண்டா?" என்று ஒரு வரி கேட்கலாம். ஏசிக்குப் பக்கத்தில் அதையும் போட வைத்தால் மற்ற மண்டபக்காரரும் தானாகப் போடுவார்கள்.

கடைசியில் ஒரு சின்ன மண்டபம் எடுத்திருக்கிறோம். ஏசி இல்லை, ஆவணி வெயிலுக்குச் சனம் திட்டும், பரவாயில்லை. வாசலில் ஒரே ஒரு படி. உரிமையாளர் ஐயா நாங்கள் கேட்டதும் மேசனைக் கூப்பிட்டு, சித்தப்பா சொன்ன அளவுக்கே சீமெந்துச் சாய்தளம் போட்டுவிட்டார். மேடைதான் மூன்றடி உயரம், அதற்குச் சாய்தளம் போட்டால் பாதி மண்டபம் போய்விடும். அதனால் மணவறையை மேடையில் வைக்காமல் கீழே தரையில் வைக்கச் சொன்னோம். சோடனைக்காரரும் வீடியோக்காரரும் முகத்தைச் சுழித்தார்கள், பின்னுக்கு இருப்பவர்களுக்குத் தெரியாதாம். ஐயரிடம் கேட்டோம். "முந்தி வீட்டு முற்றத்தில செய்யேக்க ஆர் மேடை கட்டினது?" என்றார்.

கழிப்பறைக் கதவு இன்னும் மாற்றவில்லை. ஆனி முடியமுன் முப்பத்திரண்டு அங்குலத்துக்கு மாற்றித் தருவதாக உரிமையாளர் ஐயா சொல்லியிருக்கிறார். மிச்சக் காசை அதுவரைக்கும் அம்மா சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருக்கிறா.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
தருமபுரம், கிளிநொச்சி.