செயலாளர் அறிக்கை – 2024

சபைக்கு வணக்கம்.

பொங்கல் ஒன்றுகூடல், இரத்ததானம், கோடை ஒன்றுகூடல் மூன்றும் வழமைபோல் நடந்தன. கிரிக்கெட் போட்டி மழையால் நின்றது. செயற்குழு ஐந்து தடவை கூடியது. இரண்டு தடவை போதிய ஆட்கள் இல்லாததால் தேநீருடன் கலைந்தது.

இனி ஆற்று விடயம். "இளசுகளுக்கு வள்ளம், எங்களுக்குத் தூண்டில், இரண்டுக்கும் தோதான ஓர் ஆற்றைப் பார்த்துவையுங்கோ" என்று போன பொதுக்கூட்டத்தில் கேட்டது இந்தச் சபைதான். கூட வருவதாகக் கை தூக்கியவர்கள் பதினொரு பேர். கூட்டக் குறிப்பில் இருக்கிறது.

நான் பார்த்தது கனடா ஒன்ராறியோவில் ஓடும் கிராண்ட் ஆறு. பேர்கஸ் ஊருக்கு மேலே, 1942 இல் கட்டிய ஷாண்ட் அணை பெல்வூட் ஏரியின் அடித்தண்ணீரைத் திறந்துவிடுகிறது. அதனால் கோடையிலும் கால் விறைக்கும். பழுப்பு டிரவுட் மீன் அங்கே நிற்பதும் அந்தக் குளிரால்தான். 1980களின் இறுதியிலிருந்து குஞ்சு விடுகிறார்கள். மழையில்லாத நாளில் தொடையளவு நீரில் கல்லை எண்ணலாம். ஆனால் நமக்கு மீன் தெரிந்தால் மீனுக்கும் நாம் தெரிவோம். நிழல் விழாமல், ஓட்டத்துக்கு எதிராகக் கீழிருந்து மேலே நடக்க வேண்டும்.

அங்கே பிடிப்பது பிளை பிஷிங் முறையில், அதாவது இறகும் மயிரும் சுற்றிய பொய் ஈயால். அந்த ஈக்கு நிறை கிடையாது, கயிற்றின் நிறைதான் அதைக் கொண்டுபோகிறது. ஈயம் கட்டி எறிந்து பழகிய கைக்கு இது ஏறாது. எனக்கு மூன்று ஞாயிறு போனது. பிடிபட்டவை ஒரு மரக்கிளை, என் தொப்பி. சில பகுதிகளில் எதிர்முள் (மீன் கழராமல் தடுக்கும் பின்முள்) இல்லாத ஒற்றைத் தூண்டில் முள் மட்டும்தான். பிடித்ததை விட்டுவிடவும் வேண்டும். "விடுறதுக்கு ஏன் பிடிப்பான்?" என்று கேட்ட அண்ணை வந்து ஒருக்கா பிடித்துப் பார்க்கட்டும்.

வள்ளத்துக்கு அந்த மேற்பகுதி சரிவராது. தடுப்பணைகள் இருக்கின்றன, எலோரா ஊருக்குள்ளேயே நீர்வீழ்ச்சி, அதற்குக் கீழே இருபது மீற்றருக்கு மேல் உயர்ந்த சுண்ணக்கல் பள்ளத்தாக்கு. அதைக் கடந்து இறங்கினால் வெஸ்ட் மொன்ரோஸ் வரை சுகமான ஓட்டம். முடிவில் 1881 இல் கட்டிய கூரைபோட்ட மரப்பாலம். தண்ணீர் வற்றினால் வள்ளம் கல்லில் உரசும், ஆகவே நதிப் பாதுகாப்பு அமைப்பு இணையத்தில் போடும் நீரோட்ட அளவைப் பார்த்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும்.

யூன் மாதம் வள்ளத்தில் ஓடிப் பார்த்தோம். பதினொரு பேரில் வந்தவர் என்னோடு இருவர். ஆற்றில் இறங்குவதென்றால் ஒரு வண்டி மேலே, இன்னொன்று கீழே நிற்க வேண்டும். கீழே நிற்கவேண்டிய வண்டிக்காரர் காலை ஏழு மணிக்கு "பிள்ளைக்கு நீச்சல் வகுப்பு" என்று செய்தி அனுப்பினார். நீச்சல் நல்லதுதான். நாங்கள் பாலத்தடியில் நனைந்த காற்சட்டையோடு இரண்டு மணித்தியாலம் நின்றோம். பிறகு முன்பின் தெரியாத ஒரு விவசாயி தன் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் விட்டார். அவர் சங்க உறுப்பினர் அல்லர்.

கணக்கு விபரம் பொருளாளரிடம் உண்டு. கையிருப்பு போன ஆண்டைவிடக் கொஞ்சம் குறைவு, கவலைப்படும் அளவுக்கு இல்லை. சந்தா 40 டொலர், பாதிப்பேர் கட்டிவிட்டார்கள். ஆற்றுக்குப் போய்வந்த எரிபொருள் செலவை நான் கேட்கவில்லை என்பதையும் பதிவுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

தலைவர், பொருளாளர், மண்டபம் தந்தவர்கள், சமைத்த அக்காமார் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு செயலாளராக நிற்பதா என்று நான் இன்னும் தீர்மானிக்கவில்லை. ஆற்று வரைபடமும் குறிப்புகளும் தயாராக இருக்கின்றன, யாரும் வாங்கலாம். டிரவுட் பருவம் ஏப்ரல் நான்காவது சனிக்கிழமை திறக்கிறது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அனுமதிப்பத்திரச் செலவும் இல்லை, அடையாள அட்டை போதும். அப்புறம், என் வண்டிக் கூரையில் ஒரு வள்ளம்தான் ஏறும். இரண்டாவது வண்டி யாருடையது என்று இன்றே தெரிந்தால் நல்லது.

செயலாளர்