சாயப்பட்டறைக்குத் தரும் விலையும் ஆண்டறிக்கையில் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் தங்கள் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்புகளைப் பற்றி 2022-23 நிதியாண்டு முதல் கட்டாயமாக அறிக்கை தர வேண்டும் என்று பங்குச்சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி விதித்ததிலிருந்து, 'நீடித்த வளர்ச்சி' என்ற சொல் ஏறாத ஆண்டறிக்கை அரிதாகிவிட்டது. திருப்பூரில் சாயத்தொழிலின் வரவு செலவுக் கணக்கை நெடுங்காலம் எழுதியவன் என்ற முறையில், அந்த அறிக்கைகளில் நான் தேடியும் கிடைக்காத ஒன்றை, சாயக்கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவுக்குத் துணி வாங்கும் நிறுவனங்கள் தரும் விலையைப் பற்றியே இக்கடிதம்.

நொய்யல் ஆற்றின் குறுக்கே பாசனத்துக்கென 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளுக்குள் சாயக்கழிவுநீர் தேங்கும் குட்டையாகிப் போனதையும், ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் ஏறியதையும், ஒரு சொட்டுக் கழிவுநீரையும் வெளியே விடாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டதையும் இவ்வூரார் மறக்கவில்லை. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு ஏராளமாக வேண்டும். அந்த உப்பு கழிவுநீரோடு வெளியேறுகிறது. எதிர் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் பெரும்பகுதி நீரை மீட்ட பிறகும் எஞ்சும் அடர் உப்புநீரை ஆவியாக்கிகளில் காய்ச்சித்தான் உப்பைப் பிரிக்க வேண்டியிருக்கிறது. காய்ச்சுவதற்கு எரிபொருள், இயந்திரங்களை ஓட்ட மின்சாரம், வாங்கிய கடனுக்கு வட்டி என்று செலவு ஏறிக்கொண்டே போகிறது. இத்தனையும் சேர்ந்து ஒரு கிலோ துணியின் சாயக்கூலியில் வந்து விழுகிறது.

பொது சுத்திகரிப்பு நிலையங்கள் வழியாகத் திருப்பூர் அந்தச் செலவை ஏற்றுக்கொண்டது என்றால், அது நீதிமன்றத்துக்குக் கட்டுப்பட்டே தவிர, துணி வாங்கிய பெரிய நிறுவனங்களின் வியாபாரத் திட்டத்தினால் அல்ல. சுத்திகரிப்புச் சான்றைக் கேட்டு வாங்கும் அதே நிறுவனம், கழிவுநீரை இரவோடிரவாக ஓடையில் திறந்துவிடும் ஊர் எதிலாவது கூலி குறைவு என்றால் அதையே அளவுகோலாக வைத்து நம்மிடம் பேரம் பேசுவதை நான் எதிரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சான்று கேட்டவர் ஒரு துறை, விலை பேசியவர் வேறொரு துறை.

சமூகப் பொறுப்பு நிதியை இதற்கு விடையாகச் சொல்வோர் உண்டு. தகுதி வரம்புக்குள் வரும் நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம். ஆனால் வழக்கமான தொழில் நடவடிக்கைக்கான செலவு அந்தக் கணக்கில் சேராது. தன் கழிவைத் தானே சுத்தம் செய்வதைத் தர்மக் கணக்கில் எழுத விடாதது சரியே. அப்படியானால் அது தொழிலின் அடக்க விலையில்தான் இருக்க வேண்டும். மரக்கன்று நடும் படத்தை அறிக்கையின் அட்டையில் போட்டுவிட்டு, அடக்க விலையில் அந்தச் செலவுக்கு இடமே தராமல் இருப்பதை எந்த வகையில் சேர்ப்பது?

பெரிய 250 நிறுவனங்கள் தங்களுக்குச் சரக்கு தருவோர் குறித்தும் தகவல் வெளியிட வேண்டும், இல்லையேல் காரணம் சொல்ல வேண்டும் என்று 2023-இல் செபி கொண்டுவந்த விதி ஓரளவு நம்பிக்கை தந்தது; அதுவும் பின்னர் விருப்பம்போல் செய்யலாம் என்று தளர்த்தப்பட்டுவிட்டது. சாயப்பட்டறை அறிக்கைக்குள் வரக்கூடிய வாசல் அது ஒன்றுதான் என்பதால், அதைக் கட்டாயமாக்க வேண்டும். கொள்முதல் ஒப்பந்தத்தில் கிலோவுக்கான சுத்திகரிப்புச் செலவைப் பேரத்துக்கு அப்பாற்பட்ட தனி இனமாகக் காட்டுவதும், ஆவியாக்கிக்கு வாங்கிய கடன் தீரும் காலம்வரையாவது ஆர்டருக்கு உறுதி தருவதும் நிறுவனங்கள் தாமாகவே செய்யக்கூடியவை. மீண்டும் பயன்படுத்த முடியாத கலப்பு உப்பு, சுத்திகரிப்பு நிலையங்களின் கிடங்குகளில் இன்னும் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. அதை அப்புறப்படுத்தும் செலவில் தங்கள் பங்கு எவ்வளவு என்பதை, இங்கிருந்து துணி வாங்கும் நிறுவனங்கள் அடுத்த ஆண்டறிக்கையில் எழுதட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருப்பூர்.